அப்பா கேட்ட வேட்டு

தாய்மாமன் ஊர்க்காவலன் தாயில்பட்டியிலிருந்து கொண்டுவந்த சரவெடிப் பெட்டியை வேனிலிருந்து இறக்கியதும் பந்தலில் பேச்சு நின்றது. அப்பாவைக் குளிப்பாட்டிய ஈரம் சிவபாண்டியின் கையில் இன்னும் காயவில்லை.

"என்ன மாப்ள பாக்குற? ஒன்னய மாதிரி பட்டாசுக் கம்பெனி சூப்பர்வைசரப் பெத்த மனுசன ஊமையாட்டமா அனுப்புறது?"

இந்த ஊரில் தீபாவளிக்கே வேட்டு கிடையாது. சுடுகாட்டுப் பாதையிலுள்ள தோப்பில் தொங்கும் வௌவால்கள் அய்யனாரின் பிள்ளைகள். அவை மிரண்டு போனால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது. சுற்றுப்பட்டியெல்லாம் வெடி செய்து பிழைக்க, இந்த ஊர் மட்டும் வாய் பொத்திக் கிடக்கும். அந்தக் கட்டுப்பாட்டைக் கட்டிக்காத்தவரே செத்துப்போன அப்பா கோட்டைச்சாமிதான். பேரன் பிடித்த கம்பி மத்தாப்பைக்கூட வாளித் தண்ணீரில் முக்கி அணைத்தவர்.

அப்படிப்பட்டவர் காலையில் மகன் கையைப் பிடித்து, "என்னய வேட்டுப் போட்டு அனுப்புலே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

சிவபாண்டிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காய்ச்சலில் உளறினாரா? ஆயுசு முழுக்க ஆசையை அடக்கி வைத்திருந்தாரா? மகனைச் சோதித்தாரா? அம்மாவிடம் போய்க் குனிந்தான்.

"அப்பா நெனவோடதான் சொன்னாகளா?"

"அந்த மனுசன் எதைத்தான் எங்கிட்ட வெளக்கிச் சொன்னாரு?" என்று வெள்ளைத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பாடை தோப்புக்கு வந்ததும் வழக்கப்படி கொட்டு நின்றது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். மாமன் மட்டும் முன்னால் ஓடிப் பாதையில் சரத்தை விரித்தார்.

"கொள்ளிச்சட்டியிலயே பத்த வையி மாப்ள. பெத்தவரு வாக்கு."

மேலே வௌவால்கள் வெயிலுக்கு இறக்கையால் விசிறிக்கொண்டிருந்தன. ஒன்றின் மாரில் குட்டி அப்பிக் கிடந்தது. சிவபாண்டி சரத்தைத் தாண்டி நடந்தான். பாடை தூக்கியவர்களும் தாண்டினார்கள். மாமன் சரத்தைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். கடைசி ஆசையைக்கூடச் செய்யாத பாவியாகிவிட்டோமே என்று அவன் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

பாடை மூங்கிலையும் சிதையில் போட்டார்கள். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவன் நடந்தான். தோப்பை நெருங்கியபோது பின்னால் 'டமார்' என்றது.

"மாமா!" என்று கத்தினான்.

"நான் இல்ல மாப்ள." பக்கத்திலேயே வந்த மாமன் சரப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "உங்கப்பா பாடையோட பச்சை மூங்கிக் கணு வெடிச்சிருக்கு."

தோப்புக்கு மேலே வௌவால்கள் எழும்பிச் சுற்றின. சிவபாண்டி அங்கேயே நின்றுவிட்டான். ஒவ்வொன்றாக வந்து கிளையில் தொங்கின. குட்டியோடு ஒன்று மட்டும் இன்னும் இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"வாய்யா, குளிக்கணும்" என்றார் மாமன்.

"இருங்க மாமா" என்றான், அண்ணாந்தபடியே.