எட்டே எட்டு ஃபிரேம்

லிஃப்ட் மெக்கானிக்கின் இடது கை மோதிர விரல் உடைந்தபோது பிற்பகல் மணி மூன்று. அடுத்ததாகச் சுண்டுவிரலை மோட்டார் மேல் வைத்து அழுத்தினான் சுத்தி. ஊர் அவனுக்கு வைத்த பெயர் அது. கையில் இருந்ததும் அதுவேதான்.

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன்."

சுத்தியல் இறங்கியது. எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறை. அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க நாதியில்லை.

இத்தனைக்கும் விவகாரம் ஒரு கார்ட்டூன். 'பன்னிரண்டாம் மாடி' தொடரின் நாலாவது வாரத்தில் டாக்டர் தனியாக லிஃப்டில் ஏறுகிறார். வில்லன் பிரேக்கைத் திறந்துவிடுகிறான். திரை இருட்டு, பெரிய சத்தம். டாக்டர் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்தவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். ரசிகர் குழு மட்டும் அழுது முடித்த கையோடு வேலையை ஆரம்பித்தது. நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க ஒரு பல் டாக்டர். சுவர்க்கடிகாரங்களைக் குறித்துவைக்க ஒரு தையல்காரம்மா. மெக்கானிக் பார்த்ததோ லிஃப்ட் கதவுக்கு மேலே மினுங்கிய மாடி எண்ணை. இருட்டாவதற்கு முன் எட்டே எட்டு ஃபிரேம், ஒரு கண்சிமிட்டல் நேரம், ஆறு என்பது ஏழாகியிருந்தது.

"வரைஞ்சவங்க கை தவறிடுச்சு, விடுங்க சார்" என்றது குழு.

"தவறல. லிஃப்ட் மேலதான் போயிருக்கு. அதுக்கப்புறம் வர்ற முகமூடிக்காரன் யாருன்னு மண்டையை உடைச்சுக்கிறீங்களே, அது டாக்டர்தான்" என்று எழுதிப் போட்டார் மெக்கானிக்.

நாலு நாளில் வரப்போகும் கடைசி வாரத்தின் ரகசியம் அட்சரம் பிசகாமல் அதுதான். அந்த எண்ணை வரைந்தவள் மெக்கானிக்கின் தங்கை. ஸ்டூடியோ முதலாளிக்கு வேறு என்ன வேண்டும்? தங்கை உளறினாள், அண்ணன் எழுதினான் என்று முடிவு கட்டிவிட்டார். அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆனது அவருக்குத் தெரியாது.

டூல் பெட்டியில் சாய்த்திருந்த போனில் முதலாளியின் முகம். அவருக்குப் பக்கத்தில் தங்கையின் மேஜை. பேப்பர் வெட்டும் நீளக் கத்திக்கு அடியில் அவளுடைய வலது கை. கத்தியின் பிடி முதலாளி கையில்.

"தம்பி, உங்க விரல் ரெண்டு போச்சு. இவளுக்கு மொத்தமா அஞ்சு போகும். வரையற கை பாருங்க" என்றார் முதலாளி, காபி வேணுமா என்று கேட்கிற குரலில்.

தங்கை அழவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிரூபிக்கிறேன்" என்றார் மெக்கானிக். "லிஃப்டோட அந்த முனையில எடைக்கல்லு தொங்குது. ஒரே ஆளு உள்ள நின்னா, கல்லுதான் கனம். பிரேக்கைத் திறந்தா லிஃப்ட் மேலதான் வரும். லிஃப்ட் இப்ப நாலாவது மாடியில நிக்குது, நான் ஏறிக்கிறேன். இவன் லீவரை இழுக்கட்டும். கீழ போச்சுன்னா நானே செத்துருவேன், உங்களுக்கும் வேலை மிச்சம்."

முதலாளி சிரித்தார். "போனை எடுத்துட்டுப் போங்க. நம்பரைக் காட்டுங்க."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு லீவரைக் காட்டினார் மெக்கானிக். "இழுத்தா திறக்கும். விட்டா தானாப் பிடிச்சுக்கும். லிஃப்ட் கயிறு சக்கரத்துல ஏறற இந்தப் பக்கம் மட்டும் கை வைக்காதே."

"டேய், யாருக்குக் காது குத்தற? லிஃப்ட் விழுந்தா அந்தப் பக்கக் கயிறுதானே சக்கரத்துக்குள்ள போகும்? என்னை அங்க தள்ளப் பார்க்கறியா?"

"சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

நாலாவது மாடி. எமர்ஜென்சி பேட்டரியில் எண் மட்டும் எரிந்தது. உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனை உயர்த்திப் பிடித்தார். தெரிந்த கணக்குதான்.

"இழு!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

தரை உதறியது. நாலு. ஐந்து. மேலேதான்.

ஆறு வரும்போது "என் கை!" என்று ஓர் அலறல் லிஃப்ட் குழி முழுக்க நிறைந்தது. உடனே லீவர் விடுபட்டு, பிரேக் பிடித்து, லிஃப்ட் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நின்றது. மேலிருந்து ஏதோ சொட்டும் சத்தம் கூரைத் தகரத்தில் கேட்டது.

"என்ன அது?" முதலாளியின் குரலில் காபி ஆறியிருந்தது.

"உங்க ஆளு வேண்டாம்னு சொன்ன பக்கமே கையை வச்சுட்டான். சுத்தியல் புடிக்கிற கை. கயிறுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல அரைபட்டுக் கிடக்கு."

"போய் எடுத்துவிடு."

"எடுக்கலாம். சக்கரத்தைப் பின்னால சுத்தணும். தப்பாச் சுத்தினா தோள் வரைக்கும் உள்ள போயிடும். எந்தப் பக்கம்னு இங்க எனக்கு மட்டும்தான் தெரியும்." மெக்கானிக் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "தங்கச்சி தெருவுக்குப் போகட்டும். பஸ் சத்தத்துக்கு நடுவுல அவ குரல் கேட்கணும். அதுவரைக்கும் எனக்கு அவசரமில்ல."

மேலே சுத்தி, "ஐயா, விட்டுடுங்கய்யா" என்று யாரையோ கெஞ்சினான். மெக்கானிக்கையா, முதலாளியையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

போனில் கத்தி மேலே எழுந்தது. தங்கையின் கை வெளியே வந்தது. ஐந்து விரலும் இருந்தன.

ஏழு நிமிஷம் கழித்து அவள் கூப்பிட்டாள். பின்னணியில் ஹாரன்.

"அண்ணா."

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே நில்லு."

"அங்கதான் நிக்கறேன். எப்படிண்ணா கண்டுபிடிச்சே? ஆபீஸ்ல ஒருத்தர் கண்ணுலயும் படல."

"சின்ன வயசுல என்கூட மோட்டார் ரூம்ல உக்காந்து, காலி லிஃப்ட் ஏன்ணா மேல ஓடுதுன்னு கேட்டது யாரு? நம்பரைப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு, இது நீ வரைஞ்சதுன்னு."

"எழுதாம எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்றாள்.

அவர் போனைப் பையில் போட்டார். கதவை நெம்பித் திறந்து, ஒற்றைக் கையால் ஏழாவது மாடிக்குத் தொற்றி ஏறினார், சுத்தியின் கையை எடுத்துவிட.