எர்மினியூ ராஜாவின் தூத்துக்குடிப் பேச்சு

வில்பிரட்டுக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற வேலை. அதை ஒழுங்காகச் செய்தானா என்பது கம்பெனிக்கும் அவனுக்கும் உள்ள விவகாரம். நமக்கு வேண்டியது அவனுடைய மற்ற வேலை. பழைய நாடகங்களில் செந்தமிழ் முழங்குகிற ராஜாக்களைப் பிடித்து இழுத்துவந்து, தூத்துக்குடி பஜாரில் நடமாட விடுவான். 'மண்டலம் நடுங்க மன்னவர் வந்தார்' என்று நாடகத்துக் கட்டியங்காரன் பாடினால், வில்பிரட்டின் கட்டியங்காரன், "ராசா வாராருலே, பெஞ்சைத் தொடை" என்பான். உள்ளூர் மாதப் பத்திரிகை அதை அச்சடித்தது. டீக்கடைகளில் உரக்க வாசித்துச் சிரித்தார்கள்.

அத்தோடு நின்றிருக்கலாம். 'எர்மினியூ ராஜா' நாடகத்திலும் கைவைத்தான், வந்தது வினை.

அது மாதா கோயில் திருநாளில் வருஷாவருஷம் நடக்கும் நாடகம். ராஜா வேஷம் கட்டுகிறவர் பர்னபாஸ், கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல். புயலில் தோணி தப்பியதற்காக அந்த வேஷத்தை மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர். பாட்டில் ஓர் எழுத்துப் பிசகினாலும் நேர்ச்சை பழுதாகிவிடும் என்று நம்பினார். அவருடைய ஒரே மகள் ஹில்டாவைத்தான் வில்பிரட் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். மாமனார் ஆகப்போகிறவரின் நேர்ச்சையையே கேலி செய்கிற மூளை எழுத்தாளர்களுக்குத்தான் வாய்க்கும்.

பெண் கேட்கப் போன வில்பிரட்டின் தாய்மாமனை உட்காரவைத்து, தண்டல் அந்தப் பத்திரிகையை வரிவரியாக வாசித்துக் குற்றம் காட்டினார். பெண் இல்லை என்று அனுப்பிவிட்டார். தோணிக்காரர்களிடமும் வாசித்தார். பங்குச் சாமியாரிடம் வாரந்தோறும் போய் வாசித்தார். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பரிகாரம் சொன்னார்: இந்த வருஷம் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுக்க வேண்டியது வில்பிரட். பிசகில்லாமல் முடிந்தால் தண்டல் மனம் இரங்கலாம். பிசகினால் ஹில்டாவை மறந்துவிட வேண்டியதுதான்.

திருநாள் வந்தது. நாடகம் அமர்க்களமாகப் போயிற்று. கடல்கடந்த தேசத்தில் வாழ்க்கைப்படும் மகளை ராஜா கப்பலேற்றுகிற கட்டம். முன்வரிசையில் ஹில்டா உட்கார்ந்திருந்தாள். தண்டலின் பார்வை அவள்மேல் விழுந்தது. பாட்டு நின்றுவிட்டது.

"சேல்விழியாளே, செல்வக் குமரியே" என்று வில்பிரட் அடியெடுத்துக் கொடுத்தான். மறுபடியும் கொடுத்தான். ராஜாவின் காதில் ஏறவில்லை. குற்றம் காண்பதற்கென்றே ஒன்றை அத்தனை தடவை வாசித்தால் அது மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? தண்டல் வாயைத் திறந்தார்.

"ஏளா, போறியா? போ. அங்கன ஒனக்கு மீன்ல முள்ளெடுத்துத் தர ஆளிருக்காது. பாத்துத் தின்னு."

வில்பிரட்டுக்கு உயிரே போய்விட்டது. அத்தனையும் அவன் பத்திரிகையில் எழுதிய வசனம். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது, ஆனால் சிரிப்பு பாதியிலேயே அடங்கிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்மார் மூக்கைச் சிந்தினார்கள். ராஜகுமாரி வேஷம் கட்டியிருந்த கிளாட்வினுக்குக் கண்மை கன்னத்தில் வழிந்தது. ஹில்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வில்பிரட் அதைச் சிரிப்புக்காகத்தான் எழுதியிருந்தான். இப்போது அவனுக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஆள் அப்படி.

நாடகம் முடிந்ததும் தண்டல் கிரீடத்தோடு திரைக்குப் பின்னால் வந்தார். அடி நிச்சயம் என்று சாமியாரே குறுக்கே வந்து நின்றார். தண்டல் அவரை விலகச் சொன்னார். நேர்ச்சை பழுதானதைப் பற்றி மாதாவிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு வில்பிரட்டை ஏற இறங்கப் பார்த்தார். குரல் ராஜாவுடையதாக இல்லை.

"ஏலே, எம் மவளுக்கு நீ முள்ளெடுத்துக் குடுப்பியா?"

வில்பிரட் கையிலிருந்த நாடக ஏட்டை மூடினான்.

"குடுப்பேன் மாமா" என்றான்.