ஆகாசத்தாரின் கபுறு

ஊருக்குத் திரும்பி வந்த முதல் கிழமையே எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. தொண்ணூறில் ஆயுத இயக்கம் முஸ்லிம்களான எங்களை ஊரைவிட்டு வெளியேற்றிய பிறகு இருபது வருடம் புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்துவிட்டு, முசலிப் பக்கம் சொந்தக் காணிக்கு வந்திருக்கிறோம். தலைக்கு மேல் வெறும் தறப்பாள். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கத்தியைத் தூக்கிக்கொண்டு இறந்தவர்களை அடக்கும் மையவாடியில் வளர்ந்த காட்டை வெட்டப் போய்விட்டார்.

"உயிரோட இருக்கிற எங்களுக்கு ஒரு கூரையைப் போட்டுட்டுப் போங்கோவன். மௌத்தானவங்க எங்க ஓடப் போறாங்க?" என்று கத்தினேன்.

"வாப்பாட கபுறையும் ஆகாசத்தார்ட கபுறையும் மட்டும் பார்த்திட்டு வாறன், நசீறா."

ஜுனைதீன் அப்படித்தான். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

ஆகாசத்தார் எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. யப்பான் சண்டைக் காலத்தில் குண்டு போடும் விமானம் ஒன்று சுடுபட்டு அரிப்புக் கிராமத்துக்கு அப்பால் கடலில் விழுந்தது. சில நாள் கழித்து ஒரு உடம்பு எங்கள் கரையில் ஒதுங்கியது. வெயிலும் உப்பும் பட்டுக் கறுத்து ஊதிப்போயிருந்ததாம். வெள்ளைக்காரனா இந்தியாக்காரனா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கழுத்தில் பெயர்த் தகடும் இல்லை. அரிப்பில் வேதக்காரரின் மாதா கோயில் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே என் மாமனார் உடம்பைக் கழுவியிருக்கிறார். கழுவும்போது பார்த்தால், சுன்னத் செய்த உடம்பு. பிறகென்ன, நம்முடைய ஆள் என்று முடிவாகிவிட்டது. கபன் துணி உடுத்தி, தொழுவித்து, எங்கள் குடும்பம் அடங்கும் மூலையிலேயே அடக்கினார்கள்.

குளிப்பாட்டியவன் நான், இனி நான்தான் இவருக்குச் சொந்தம் என்று மாமனார் பொறுப்பெடுத்துக்கொண்டார். வருடாவருடம் பராஅத் இரவில் அவருக்காகக் குர்ஆனில் யாசீன் ஓதி, ரொட்டி சுட்டு ஊருக்குப் பங்கிட்டார். அவருக்குப் பிறகு இவர். புத்தளத்தில் எங்களுக்கே மாவு இல்லாத வருடத்திலும் ஆகாசத்தாருக்கு ரொட்டி உண்டு. சுட்டவள் நான்தான், திட்டிக்கொண்டே.

வீடு ஓரளவு எழும்பிய வருடம், பள்ளிமுனையில் வான் வண்டி ஓட்டும் ஜெராட் என்ற வேதக்காரப் பையன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கூட்டிவந்தான். பெயர் ஹெலன், அறுபது வயதிருக்கும். அவளுடைய தாய்மாமன் எட்வின் அந்த விமானத்தின் வாலில் இருந்து சுடுகிறவராம். மற்றவர்களின் உடல்கள் கிடைத்துவிட்டன, அவரை மட்டும் காணவில்லை. இவர் வெளியே போயிருந்ததால், உங்கள் ஊரில் ஒரு உடம்பை அடக்கியதாக அரிப்பு மீனவர்கள் சொன்னார்கள், நாளைக்கு வந்து கேட்கிறோம் என்று ஜெராட் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் றஊப் எங்கள் வாசலில் நின்றார்.

"ஜுனைதீன் நானா, ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிவிடுங்கோ. வேதக்காரப் பிள்ளையை நாங்க தொழுவிச்சு அடக்கினது தெரிஞ்சா சும்மா விடுவாங்களா? தோண்டிக்கொண்டு போவாங்க. பேப்பர்லயும் வரும்."

றஊப் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார்: "பொய் சொல்ல ஏலாது, நசீறா. தோண்டிக்கொண்டு போனா வாப்பாக்கு என்ன பதில் சொல்லுறது?"

கண் கலங்கியிருந்தது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இத்தனை வருடம் திட்டித் திட்டிச் சுட்ட ரொட்டி இனித் தேவைப்படாது என்று நினைத்தபோது எனக்கும் மனம் ஒப்பவில்லை.

மறுநாள் பின்னேரம் மையவாடி வேலியடியில் நின்றோம். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. ஹெலனும் அதை மதித்து என் பக்கத்திலேயே நின்றாள். இவர் உள்ளே போய் கபுறின் தலைமாட்டுக் கல்லருகில் நின்று கதையைத் தொடங்கினார். கடல், கரை, கழுவியது வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. "கழுவேக்க பார்த்தா..." என்று நிறுத்திவிட்டார். ஜெராட்டும் நிலத்தைப் பார்த்தான்.

"ஆம்பிளையள் ரெண்டு பேரும் மஃரிபுத் தொழுகை வரைக்கும் வெக்கப்பட்டுக்கொண்டு நில்லுங்கோ," என்றேன். "சுன்னத் செஞ்சிருந்திச்சு. அதால எங்கட ஆள் எண்டு நினைச்சு அடக்கி, வருசாவருசம் ஓதுறம். சொல்லு தம்பி."

ஜெராட் அதை இங்கிலீசில் சொன்னான். ஹெலன் ஒரு கணம் முழித்தாள். பிறகு வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு. அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டு டொக்டர்மார் எத்தனையோ பிள்ளைகளுக்கு அப்படிச் செய்துவிடுவார்களாம். மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

இவர் சிரிக்கவில்லை. "வாப்பா இன்னொண்டும் சொன்னவர். இடது கால்ல, பெருவிரலுக்கு அடுத்த ரெண்டு விரலும் ஒட்டியிருந்ததாம்."

ஜெராட் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஹெலன் செருப்பைக் கழற்றி இடது காலை மணலில் வைத்தாள். இரண்டு விரலும் நகம் வரை ஒட்டியிருந்தன. அவளுடைய தாய்க்கும் அப்படித்தானாம். சிரித்த அதே முகம் அழுதது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொண்டு போகப் போறாங்களா எண்டு கேள்," என்றார் இவர்.

ஜெராட் கேட்டதும் ஹெலன் தாய்க்குப் போன் எடுத்தாள். எட்வினின் தங்கை அவர், எண்பத்துநாலு வயது. ஹெலன் நெடுநேரம் பேசினாள். அண்ணனை மீன் தின்றிருக்கும், ஒரு வார்த்தை ஜெபம் சொல்லவும் ஆள் இருந்திருக்காது என்று அந்த மனுஷி ஆயுசு முழுக்க மறுகியிருக்கிறார் என்று ஜெராட் எங்களுக்குச் சொன்னான். பிறகு, "என்ன பேர் சொல்லி ஓதினீங்கள் எண்டு கேக்கிறா, ஐயா," என்றான்.

"பேர் தெரியாததால அப்துல்லாஹ், அல்லாஹ்ட அடிமை எண்டு. தாய்ட பேர் தெரியாட்டி ஹவ்வா உம்மாட மகன் எண்டு சொல்லுவம். எல்லாருக்கும் அவதானே முதல் தாய்."

எட்வினின் தாயின் பெயர் மேபல் என்று போனில் இருந்து வந்தது. இவர் கையை ஏந்தினார். ஹெலன் போனை வேலிக்கு மேலால் உயர்த்திப் பிடித்தாள். மேபலின் மகன் எட்வினுக்காக இவர் துஆக் கேட்டார். நான் ஆமீன் சொன்னேன். ஜெராட் சிலுவை போட்டுக்கொண்டான்.

போனில் மறுபடி ஏதோ கேட்டது. ஹெலன் ஜெராட்டின் கையில் போனைக் கொடுத்தாள். ஜெராட்தான் சொன்னான்: "அவர் அங்கயே இருக்கட்டுமாம். பக்கத்தில ஆர் இருக்கினம் எண்டு மட்டும் கேக்கிறா."

இவர் முகம் தெளிந்தது. வலப்பக்கம் கையைக் காட்டினார். "இஞ்சால என்ட வாப்பா." இடப்பக்கம், தான் வெட்டித் துப்புரவாக்கி வைத்திருந்த வெறும் மணலைக் காட்டினார். "அங்கால நான் வருவன் எண்டு சொல்லு."

அதை இவர் என்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.