இரண்டு கருணாகரன்கள்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. அடையாறில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் நான்காம் தளத்தில், 412ஆம் படுக்கை கருணாகரனுக்குப் போட வேண்டிய இன்சுலின், 421ஆம் படுக்கை கருணாகரனின் கை வரை போய், ஊசி குத்தும் முன் நிறுத்தப்பட்டது.

“எனக்கு இன்னாத்துக்குமா சுகர் ஊசி?” என்று அவர் தூக்கக் கலக்கத்தில் கேட்டார். நர்ஸ் இசக்கியம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். அன்று பதினெட்டு நோயாளிகளுக்கு அவள் ஒருத்திதான். நோயாளிகள் கையில் கட்டும் பெயர்ப்பட்டையை அச்சடிக்கும் மெஷின் பழுதாகி ஆறு வாரம். பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பு துடைத்தால் மை போய்விடும்.

லிப்ட் பக்கத்தில் நிர்வாகம் ஒரு பெட்டி வைத்திருந்தது. ‘நடக்கவிருந்த தவறுகளைப் பயமின்றி எழுதுங்கள். யார் மீதும் நடவடிக்கை இல்லை’ என்று அதன் மேல் ஒட்டியிருந்தது. இசக்கியம்மாள் தயங்கினாள். வார்டு பொறுப்பாளர் ரோஸிதான், “எழுதுடி, நான் இருக்கேன்” என்றாள். அவள் எழுதினாள், தன் பெயரோடு.

வியாழக்கிழமை, தரமணியில் ஒரு ஹோட்டல் அரங்கில் பொறுப்பாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி. முன்வரிசையில் மருத்துவமனை இயக்குநர் டாக்டர் பாரத். நிர்வாகத்திடம் சொல்லப் பயப்படும் ஒன்றை எழுந்து சொல்லுங்கள் என்றார் பயிற்சியாளர். யாரும் எழவில்லை. ரோஸி எழுந்தாள். பணியிடத்தில் அளந்து பேசுகிறவள்தான். கோபம் வந்தால் அவள் வளர்ந்த ஊரூர் மீனவக் குப்பத்துப் பேச்சு வந்துவிடும்.

“பட்டை மெஷினு ரிப்பேராகி ஆறு வாரம் ஆவுது சார். மூணு லெட்டர் குட்த்தேன், ஒரு பதில் கீதா? பதினெட்டு பேருக்கு ஒரு பொண்ணு. நீங்க இங்க ஏசில குந்திக்கினு தலைவர் ஆவறது எப்டின்னு படம் காட்டிக்கினு கீறீங்க. அங்க அந்த மனுசன் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

பாரத் எழுந்து கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். “இதுதான் துணிச்சலான தலைமை” என்றார் பயிற்சியாளர். அவள் கையில் ஒரு சான்றிதழைத் திணித்துப் போட்டோ எடுத்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மாலை ரயிலில் அந்த அட்டையை மடித்து விசிறிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பணியாளர் பிரிவு மேலாளர் பிரபாகர் அவளைக் கூப்பிட்டு ஒரு மெமோவை நகர்த்தினார். இசக்கியம்மாள் பெயரில். கவனக்குறைவு, பணிநீக்கம்.

“நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும் மேடம். அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன். ஏதோ ஆக்‌ஷன் எடுத்தோம்னு காட்டணும்ல?”

“நேத்து எனக்குக் கை தட்டுனீங்களே?”

“அது ட்ரெயினிங் மேடம்.”

“பெட்டி மேல எழுதி ஒட்டியிருக்கறது?”

பிரபாகர் பேனா மூடியைத் திறந்து, பேனாவை அவள் பக்கம் வைத்தார். அவள் எடுக்காமல் வெளியே வந்தாள்.

வராந்தாவில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். சேதி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது.

“என்னைய அனுப்பிருவாங்களா சிஸ்டர்? பேசாம எழுதாமலே இருந்திருக்கலாம்லா?”

ரோஸிக்குப் பதில் தெரியும். ஆமாம் என்பதுதான் பதில். அந்த மருத்துவமனையில் இத்தனை வருடம் உழைத்ததற்கு அந்த ஒரு சொல்தான் மிச்சம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பி உள்ளே போனாள். பேனாவை எடுத்தாள். மெமோவில் இசக்கியம்மாள் என்ற பெயரை இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே ‘ரோஸி, வார்டு பொறுப்பாளர்’ என்று எழுதினாள். கவனக்குறைவு என்ற இடத்தில், தான் கொடுத்த மூன்று கடிதங்களின் தேதிகளை எழுதிக் கையெழுத்திட்டாள்.

“என்ன மேடம் வெளையாட்டு இது?”

“ஆக்‌ஷன் காட்டணும்னியே நைனா. காட்டு.”

ஜூன் 24 அன்று ரோஸியின் பொறுப்பாளர் பதவி பறிக்கப்பட்டது. தரைக்கீழ் தளத்தில், அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மாற்றப்பட்டாள். இசக்கியம்மாள் நான்காம் தளத்திலேயே இருக்கிறாள். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் மெஷின் பழுது பார்க்கப்பட்டது. ஜூலை கடைசியில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு படிவமும் இல்லை. அந்த மாதத் தவறுகள் பூஜ்யம் என்று எழுதிய அறிக்கையில் டாக்டர் பாரத் கையெழுத்திட்டார்.