ராணி என்ற பெயரில் எத்தனை குதிரை

1

ஓர் அசட்டுக் கேள்வியில் பிறந்த கதை இது. கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக் குதிரைக்காரர் ஒருவரிடம், "போன வருஷம் ராணி வெள்ளையால்ல இருந்துச்சு?" என்று கேட்டேன். "பேரு லைசென்ஸுக்குங்க. எந்தக் குதிரை வந்து நின்னாலும் ராணிதான்," என்றார். சிரித்தேன். திரும்பும் பேருந்து பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் சிரிப்பு போய்விட்டது.

2

மேல்மலைக் கிராமங்களின் மீது மூடுபனி மெல்ல இறங்கி...

(வேண்டாம். கொடைக்கானல் என்றதும் பனியை இறக்கிவிடும் கை இது.)

கால்நடை மருத்துவர் தேவசேனா மூன்று மாதமாகக் குதிரைகளைக் கணக்கெடுத்தாள். எங்கே எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல் நோயைக் கண்காணிக்க முடியாது. பெயரும் நிறமும் குறித்து, ரத்தம் எடுத்து அனுப்பினாள். ஒன்றுக்கு மட்டும் கிளாண்டர்ஸ் என்று வந்தது. குதிரைக்கு மூக்கில் சளி ஒழுகும், மனிதருக்கும் தொற்றி உயிரை எடுக்கக்கூடிய நோய். அந்தக் குதிரையைக் கொல்வதுதான் விதி. தாளில் இருந்தது: ராணி, செவலை, உரிமையாளர் சின்னக்கருப்பன்.

(சின்னக்கருப்பனைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவரிடம் இரண்டு செவலைகள். இளையது ஏரிக்கு, கிழடு பூண்டு மூட்டைக்கு. எது ஏரிக்குப் போனாலும் ராணி. ரத்தம் கொடுத்தது இளையது. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.)

3

சின்னக்கருப்பன் கிழட்டுச் செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் ராணியாண்ணே?"

"ராணிதாங்க டாக்டரம்மா. சோலிய வெரசா முடிச்சிருங்க. பாக்க முடியல."

குதிரையின் மூக்கு சுத்தமாக இருந்தது. நான் ரத்தம் எடுத்த ராணி இவ்வளவு கிழமா என்று தேவசேனா யோசித்தாள். அன்று நாற்பது குதிரைகள் பார்த்திருந்தாள், நினைவில்லை. சின்னக்கருப்பனின் மனைவி இருளாயியின் முந்தானையில் மஞ்சளாகச் சளி காய்ந்திருந்தது.

"என்னக்கா இது?"

"எனக்குத்தான் தடுமனுங்க."

தேவசேனாவுக்குப் பயமாக இருந்தது. இன்னொரு கேள்வி கேட்டால் இந்த ராணி மட்டுமல்ல, பெயரை நம்பி அவள் எழுதிய கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும்.

4

ஒரு முடிவு: "வேற குதிரை இருக்காண்ணே?" என்று கேட்கிறாள். மூன்று மாத வேலை பாழ். மறுபடி முதலிலிருந்து.

இன்னொரு முடிவு: ஊசி போடுகிறாள். தாள் சரியாகிவிடுகிறது. இருளாயி மறுநாளும் வெள்ளனே எழுந்து, கொட்டகைக்குள் போய், இளைய குதிரையின் மூக்கைத் துடைத்து...

(முடிக்க முடியவில்லை.)

நேற்று இங்கே ஒரு வரி இருந்தது: 'கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு குதிரை கனைத்தது.' கனைத்தால் தேவசேனாவுக்கு வேறு வழியே இருக்காது என்று அடித்துவிட்டேன். ஆகவே அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

உங்களுக்குக் கேட்டுவிட்டது.