குப்பாண்டி நடை

வக்கீல் ஒருத்தர் நாவல் எழுதினார். அதில் குப்பாண்டி என்றொரு பண்ணையாள். எத்தனை அடி விழுந்தும் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்து, கோர்ட்டில் தலை நிமிர்ந்து நின்றவன். நாடகக் கம்பெனிக்காரர்கள் அதை மேடையேற்றியபோது கோர்ட்டுக் காட்சியை வெட்டிவிட்டு, குப்பாண்டி வேஷத்தைப் பபூனிடம் கொடுத்தார்கள். அவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, வாத்து மாதிரி நடந்தான். மதுரையே வயிறு வலிக்கச் சிரித்தது. அப்புறம் என்ன, கூலிக்கு நிற்கிறவனெல்லாம் குப்பாண்டிதான்.

கண்ணுச்சாமிக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். தொழிலாளர் கூட்டமொன்றில் அந்த நாவலை வாசிக்கக் கேட்டு, நிஜக் குப்பாண்டி யாரென்று தெரிந்துகொண்டவன். திருப்பரங்குன்றத்துக்குத் தெற்கே வயல்வேலை இல்லாமல் போக, ஆலை வாசலுக்கு வந்து நின்றவன் அவன். வராத ஆட்களுக்குப் பதிலாக, வாசலில் நிற்பவர்களில் யாரையாவது மேஸ்திரி வெள்ளைத்துரை தினமும் காலையில் கூப்பிடுவான். ஒருநாள் இவனைப் பார்த்து, "ஏய் குப்பாண்டி, வா" என்றான். இவன் அசையவில்லை.

"எம் பேரு கண்ணுச்சாமி."

அதற்கப்புறம் ஒன்பது நாள் அவனைக் கூப்பிடவே இல்லை. வீட்டில் பெண்டாட்டி தங்கப்பொண்ணுக்கு நிறைமாசம், கஞ்சிக்கு வழியில்லை. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லாததுதான் அவனை இன்னும் அறுத்தது.

பத்தாம் நாள் இரண்டு பேர் வேண்டும் என்றான் மேஸ்திரி. குப்பாண்டி மாதிரி நடந்து காட்டுகிறவனுக்குத்தான் வேலையாம். என்ன கொழுப்பு பாருங்கள்.

முதலில் முன்னே போனவர் மலைச்சாமி. ஐம்பது வயசுக்காரர், நேற்றுவரை கண்ணுச்சாமியோடு சேர்ந்து மேஸ்திரியைத் திட்டியவர். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கியதும் கண்ணுச்சாமி பாய்ந்துபோய்க் கையைப் பிடித்தான். வெட்கமாயில்லையா அண்ணே என்று கத்தினான்.

"விடுப்பா," என்றார் அவர், இவன் முகத்தைப் பார்க்காமல். "உம் பேர நீயே வச்சுக்க. எனக்கு மூணு நாளா அடுப்பு எரியல."

அவர் நடந்தார். வாசல் காவல்காரன்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இன்னொரு குப்பாண்டி எங்கே என்று கேட்டான் மேஸ்திரி.

மேஸ்திரி மேல், பபூன் மேல், காசு கொடுத்துச் சிரித்த ஊர் மேல் கண்ணுச்சாமிக்குக் கொலைவெறி வந்தது. அந்த வெறியோடுதான் துண்டை உதறிக் கக்கத்தில் இடுக்கினான். முதுகை வளைத்தான்.

மலைச்சாமியைவிட நன்றாகவே நடந்தான்.