சுறா எண்ணெய்த் துணி

நஸீர் மழைக்குப் பயந்தான் என்று சொன்னால் கற்பிட்டியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பதினாறு வருசமாக ஒரே பாதையில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எந்தக் குழி எந்த வளைவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அப்படிப்பட்டவன்தான் போன வியாழக்கிழமையிலிருந்து ஒரு துண்டுக் கருமேகத்தைக் கண்டாலும் வேனை எடுக்கத் தயங்கி நின்றான்.

வியாழக்கிழமை நடந்தது இதுதான். பள்ளிக்கூடம் விட்டு, பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தலவிலப் பக்கம் வரும்போது இந்த மாரிகாலத்தின் முதல் பெருமழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டான். அது துடைத்தால்தானே! கண்ணாடியில் தத்தித் தத்தித் துள்ளியது. ஓரிடம் துடைபட்டது, அடுத்த இடம் அப்படியே கிடந்தது. தென்னந்தோட்ட வளைவில், அந்தக் கோடுகளுக்கு அப்பால், வெள்ளையாக ஏதோ அசைந்தது. பிரேக்கை அமுக்கினான். வேன் குலுங்கி நின்றபோது பம்பருக்கும் ஒரு சைக்கிளின் சில்லுக்கும் நடுவே இருந்தது ஒரேயொரு முழம்.

சைக்கிளில் ஒரு பெண்பிள்ளை. பத்துப் பதினொரு வயசிருக்கும். வெள்ளைச் சீருடை நனைந்து ஒட்டிக்கிடந்தது. அவள் சைக்கிளை இழுத்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டாள்.

"மாமா, என்ன மாமா?" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கேட்டார்கள்.

"ஒண்டுமில்ல. நாய் ஒண்டு" என்றான் நஸீர்.

முன்சீட்டில் இருந்த அவனுடைய மகள் ஸும்றா வாப்பாவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று இரவுச் சோறு இறங்கவில்லை. "என்ன, உடம்புக்கு ஏலாதா?" என்று மனைவி ரம்ஸியா இரண்டு தரம் கேட்டாள். தலைவலி என்றான். வேறு என்னத்தைச் சொல்வது? ஒவ்வொரு காலையும் பதின்மூன்று வாசல்களில் பதின்மூன்று உம்மாமார், "பாத்துப் போங்க நானா" என்று சொல்லித்தான் பிள்ளையின் கையை அவனிடம் விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் கையேந்தி இருந்தபோதும் அந்த ஒரு முழம்தான் கண்ணுக்குள் நின்றது.

அவனை இன்னும் பயமுறுத்தியது வேறொன்று. வைப்பர் பிளேட் இரண்டும் புதுசு. செவ்வாய்க்கிழமைதான் சந்தைப் பக்கம் வாங்கிப் போட்டிருந்தான். பழசு துள்ளினால் பழசு என்று ஆறுதல் கொள்ளலாம். புதுசும் துள்ளினால் மனிதன் எதை நம்பி ஓட்டுவது?

சனிக்கிழமை விடிந்ததும் புத்தளத்துக்கு ஓடினான். வாகனச் சாமான் கடை வைத்திருக்கும் பதியுதீன் நானா வாய்த்துடுக்குக்காரர். ஆனால் இல்லாத பழுதைச் சொல்லிச் சாமான் விற்கிற ஆள் இல்லை.

"இத ஆரு உங்கட தலையில கட்டினது?" என்றார் பிளேட்டைப் பார்த்து. "ரெண்டும் ஒரே நீளம். டிரைவர் பக்கம் நீளம், மற்றப் பக்கம் கட்டை, அதான் இந்த வேனுக்கு அளவு. நடுவுல ரெண்டும் முட்டுப்படுறது தெரியலயா?"

"அப்ப அதுதானா நானா துள்ளுறது?"

"பொறுங்க." ஒரு கோப்பைத் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றினார். தண்ணீர் பரவவில்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. விரலால் கண்ணாடியைத் தேய்த்து மூக்கருகில் கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார். "இதென்ன கூத்து? மீன் வாடை அடிக்குது!"

நஸீருக்கு அந்த நிமிசமே விளங்கிவிட்டது.

அவனுடைய வாப்பா தோணிக்காரர். தோணிக்குச் சுறா எண்ணெய் பூசாமல் கடலில் இறக்கமாட்டார். நஸீரிடம் தோணி இல்லை, வேன்தான் இருந்தது. உப்புக்காற்று கதவின் அடித்தகட்டை அரித்துவிடும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வேனைக் கழுவி, கதவு விளிம்பு, பிணைச்சல், வைப்பர் கம்பியின் அடி என்று எல்லா இடமும் சுறா எண்ணெய் பூசுவான். மற்ற வேன்காரர்களுடைய கதவுகள் உக்கிக் கொட்டியபோது இவனுடையது மட்டும் பளபளத்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. வேலை முடிந்ததும் அதே துணியால் முன்கண்ணாடியில் படிந்த உப்புத்தூசியையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவான். மற்ற வருசங்களில் இடையிடையே பெய்யும் மழை கழுவிவிடும், இந்த முறை எட்டு மாதம் மழையே இல்லை. எண்ணெய் படலம் படலமாக ஏறிக்கிடந்தது.

"எண்ணெய்க் கண்ணாடியில ரப்பர் வழுக்கும், பிடிக்கும், திரும்ப வழுக்கும். நீங்க பத்துச் சோடி மாத்தினாலும் துள்ளத்தான் செய்யும்" என்றார் பதியுதீன்.

நஸீர் கடை வாசலிலேயே குந்திவிட்டான். இரண்டு நாளாக அவன் மனதுக்குள் சந்தைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தான், மழையைத் திட்டினான், திடீரென்று குறுக்கே வந்தாள் என்று அந்தப் பிள்ளையைக்கூடத் திட்டினான். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. கண்ணாடியைக் குருடாக்கியது அவன் கைதான். கொல்லப் பார்த்ததும் அதே கைதான்.

பதியுதீன் பிளேட்டுகளைக் கழற்றி, வெறும் கம்பி அடித்துக் கண்ணாடி வெடித்துவிடாமல் கீழே துணி மடித்து வைத்தார். சட்டி கழுவும் சோப்புத் தண்ணீரால் மூன்று தரம் கண்ணாடியைக் கழுவினார். மூன்றாம் தரம்தான் தண்ணீர் உருளாமல் விரிந்து வழிந்தது. பிறகு கம்பியின் நுனியைப் பார்த்து, "இது ஒரு பக்கம் சரிஞ்சிரிக்கு. ரப்பர் நேரா நிண்டாத்தான் போகக்குள்ள ஒரு பக்கமும் வரக்குள்ள மற்றப் பக்கமும் மடியும்" என்று குறட்டால் மெல்ல முறுக்கி நிமிர்த்தினார்.

"இரும்புச் சட்டம் வச்ச பிளேட் விலை குறைவு. ஆனா உங்கட பக்கம் உப்பும் மணலும் மூட்டுக்குள்ள போய் இறுகிரும். இந்தத் தட்டை மாதிரிய எடுங்க, மூட்டே இல்ல. கிழமைக்கு ஒருக்கா ரப்பரை ஈரத்துணியால துடைங்க. எண்ணெய்த் துணிய இந்தப் பக்கம் கொண்டு வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் நஸீர் செய்த முதல் வேலை அந்தத் துணியை அடுப்பில் போட்டது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து வானம் இருட்டிக் கொட்டியது. நஸீர் பிஸ்மி சொல்லி வைப்பரைப் போட்டான். சத்தமில்லாமல் போய் வந்தது. கண்ணாடி முழுதும் துலங்கியது. பாதையோரத்துப் புல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னான்.

தென்னந்தோட்ட வளைவு வந்தது. வேகத்தைக் குறைத்தான். தூரத்தில் அந்தப் பிள்ளை சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். வேனைக் கண்டதும் சட்டென்று இறங்கினாள். சைக்கிளைப் பாதையிலிருந்து கீழே இழுத்து, முழங்கால் அளவு வெள்ளம் நின்ற வடிகானுக்குள் இறக்கி, ஒரு தென்னையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கெழமையும் இப்பிடித்தான் நிண்டா வாப்பா. நீங்க காணல்ல" என்றாள் ஸும்றா. பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்டைக்கி நீங்க நாய் எண்டு சொன்னீங்களே, அந்தப் புள்ள" என்றாள்.

நஸீர் வேனை நிறுத்தினான். பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"மகள், மேல ஏறி வாங்க. நீங்க முதல்ல போங்க. நான் அசையமாட்டன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இரண்டு கையாலும் தென்னையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"நீங்க போங்க. நீங்க போன பொறகு நான் வாறன்."

நஸீர் தலையை உள்ளே எடுத்தான். வைப்பர் ஒரு சொட்டு விடாமல் துடைத்துக்கொண்டேயிருந்தது. அவள் முகம் அவனுக்கு மிக நன்றாகத் தெரிந்தது.